குங்ஃபூவா கராத்தேவான்னு மார்க் போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல தற்காப்புக்கு எது சிறந்தது, குங்ஃபூவா கராத்தேவான்னு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, கூடவே பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்ட ஒரு கட்டம் வேற. வேகம், பலம், வளைவு, நெளிவு, கடைசியில பெண்களுக்கு ஏத்ததுன்னு ஒரு வரி, அதுல குங்ஃபூவுக்கு ஒன்பது, கராத்தேக்கு ஆறு. எங்க தெருவுல அதை வெட்டி வச்சுக்கிட்டு பொண்ணை எதுல சேர்க்கறதுன்னு என்கிட்ட வந்து கேக்கறாங்க, ஏன்னா நான் திருச்சியில சின்ன வயசுலேர்ந்து கோஜு-ரியு கராத்தே பண்ணினவன், அப்புறம் பினாங்குல வேலை பார்த்த காலத்துல ஒரு ஹொக்கியன் சீனப் பெரியவர்கிட்ட, அவங்க பூர்வீகமான தெற்குச் சீன ஃபூஜியன் மாகாணத்துக் குங்ஃபூவும் கத்துக்கிட்டேன். அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலன்னா வெட்டிக்குங்க, ஆனா ஒகினாவா பத்தி எழுதியிருக்கற பகுதியை மட்டும் விட்டு வைங்க.

கட்டுரையோட அஸ்திவாரமே இடிக்குது சார். குங்ஃபூ சீனா, கராத்தே ஜப்பான், அது வளைஞ்சு போகும் இது நேரா இடிக்கும்னு ரெண்டையும் எதிரும் புதிருமா நிக்க வச்சிட்டீங்க. கராத்தே பொறந்தது டோக்கியோவுல இல்ல, ஒகினாவா தீவுல. அது ரியுக்யூன்னு தனி ராஜ்யமா இருந்த ஊர், 1372-லேர்ந்து மிங் பேரரசருக்கு கப்பம் கட்டி சீனாவோட வியாபாரம் பண்ணின ஊர், 1609-ல ஜப்பானோட சட்சுமா படை வந்து புடிச்சப்புறமும் சீனாவோட இருந்த போக்குவரத்து நிக்கல, 1879-ல தான் ஜப்பான் அதை ஒரு மாகாணமா சேர்த்துக்கிச்சு. நாஹா துறைமுகத்து பக்கத்துல குமேமுரான்னு ஒரு பேட்டை, ஃபூஜியன்லேர்ந்து வந்த சீனக் குடும்பங்க தலைமுறை தலைமுறையா குடியிருந்த இடம். கடலுக்கு அந்தப் பக்கம் ஃபூஜியன்ல ஃபூஜோ ஊர்ல ரியுக்யூ ஆளுங்க தங்கறதுக்குன்னே ஒரு வளாகம். ஆளும் சரக்கும் போய் வர்ற வழியில சண்டைக்கலையும் சேர்ந்து வந்துச்சு, அவ்வளவுதான் விஷயம். நாஹா பக்கம் வளர்ந்த கராத்தேயை எடுத்துக்கிட்டா அது தெற்குச் சீனக் குங்ஃபூவோட பேரப்புள்ளைன்னே சொல்லலாம், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவுல கட்டம் போட்டு மார்க் கொடுத்தா என்ன அர்த்தம்?

ஹிகாவோன்னா கன்ரியோன்னு ஒருத்தர் 1870கள்ல ஃபூஜோ போய் கத்துக்கிட்டு வந்தார். அவரோட சிஷ்யர் மியாகி சோஜுன் தான் கோஜு-ரியுவை உண்டாக்கினவர், அவரும் 1915-ல குருவோட வேரைத் தேடி ஃபூஜோ போயிட்டு வந்தவர். இது எல்லா கோஜு-ரியு கிளாஸ்லயும் சுவத்துல ஃபோட்டோவா தொங்கற கதை.

உயேச்சி கன்புன் கதை அந்தளவுக்கு இங்க யாருக்கும் தெரியாது, தற்காப்புன்னு பேசறப்போ அதைத்தான் முதல்ல சொல்லணும். 1897-ல இருபது வயசுப் பையன், ஜப்பான் ராணுவத்துக்கு ஆள் எடுக்கறதுலேர்ந்து தப்பிக்கவும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க, ஃபூஜோ போறார். அங்க ஷூ ஷிவான்னு ஒகினாவாக்காரங்க சொல்ற ஒரு சீன ஆசான்கிட்ட பல வருஷம் பழகி, அப்புறம் சீனாவிலேயே ஒரு ஊர்ல சீனப் பசங்களுக்கே சொல்லிக்கொடுக்கற அளவுக்கு வந்துட்டார். அங்கதான் வினை. தண்ணி பாய்ச்சற தகராறுல அவரோட மாணவன் ஒருத்தன் பக்கத்து வயல்காரனை அடிச்சதுல அந்த ஆள் செத்துப்போயிட்டார். கன்புன் 1910-ல ஊர் திரும்பி, இனி யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்னு வாயை மூடிக்கிட்டு விவசாயம் பார்க்க ஆரம்பிச்சிட்டார். 1920கள் நடுவுல பிழைப்புக்காக ஜப்பான்ல வகயாமா பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனவரை, அங்க கூட வேலை பார்த்த தொமோயோசே ரியுயுங்கற ஒகினாவா ஆள்தான் விடாம நச்சரிச்சு மறுபடி பேச வச்சவர். அதுவும் எப்படி, வெளியூர்ல ஒகினாவா ஆளுங்களை சீண்டற ரவுடிப் பசங்ககிட்ட மாட்டினப்போ இந்தமாதிரி புடிச்சா என்ன பண்றது, அந்தமாதிரி அடிச்சா என்ன பண்றதுன்னு தினம் ஒரு கேள்வியா கேட்டுக் கேட்டு. அவரோட முறையான உயேச்சி-ரியு மறுபடி உயிரோட வந்ததே அந்தக் கேள்விகளாலதான். பெல்ட்டு, கப்பு, சர்டிஃபிகேட் எதுவும் அப்போ இல்ல.

அந்த உயேச்சி-ரியுவை நேர்ல பார்த்தீங்கன்னா கராத்தே நேர்கோடு, குங்ஃபூ வட்டம்ங்கற பேச்சு அங்கேயே போயிடும். கை திறந்தே இருக்கும், முன்கை முழு வட்டமா சுத்தி வந்து எதிராளியோட கையை ஒதுக்கும், அடி விழறது விரல் நுனியாலயும் ஆள்காட்டி விரல் முட்டியாலயும், உதை கால் கட்டைவிரல் நுனியால. புலி, நாரை, டிராகன்னு மூணு மிருகம் பேரைச் சொல்லித்தான் சொல்லித்தருவாங்க. கட்டான்னா அசைவுங்களை வரிசையா கோத்து தனியா செஞ்சு பழகறது, கன்புன் கொண்டு வந்தது வெறும் மூணே கட்டா, சான்சின், செய்சான், சான்செய்ரியு. மூணே மூணு.

சான்சின்னு சொன்னேனே, அதைத்தான் பினாங்குல பெரியவர் சாம் சியென்னு சொல்லிக்கொடுத்தார். அவரோடது ங்கோ சோ குன், ஐந்து மூதாதையர் முறைன்னு சொல்லுவாங்க, ஃபூஜியன்ல சுவான்ஜோ பக்கத்து ஆட்டம், பினாங்கு, சிங்கப்பூர், மணிலான்னு ஹொக்கியன் ஆளுங்க போன இடமெல்லாம் போயிருக்கு. நான் திருச்சி மொட்டைமாடியில பழகின அதே நிலை. பாதம் தோள் அகலத்துக்கு, கால்விரல் லேசா உள்பக்கம் திரும்பி, முட்டி ரெண்டும் உள்ள பார்க்க, இடுப்பெலும்பை கீழ மடக்கி, முழங்கை விலாவுக்கு ஒரு முஷ்டி தூரத்துல. ஒரு அடி வைக்கறது, மூச்சை விட்டுக்கிட்டே கையை நீட்டறது, திரும்ப இழுக்கறது, மறுபடி ஒரு அடி. பார்க்கறவனுக்கு ஒண்ணுமே நடக்கல. ஆனா பெரியவர் பின்னாடி நின்னு தோள்ல ரெண்டு கையாலயும் பளீர்னு அறைவார், தொடையில அறைவார், முழங்கைக்கு அடியில விரலை விட்டுத் தூக்கிப் பார்ப்பார், திடீர்னு நெஞ்சுல கை வச்சு தள்ளுவார். திருச்சி மாஸ்டரும் இதையேதான் பண்ணினார், திருச்சியில முஷ்டி மூடியிருக்கும் பினாங்குல விரிஞ்சிருக்கும், மூச்சு சத்தம் திருச்சியில அதிகம் பினாங்குல கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். கடலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சரக்கு.

தற்காப்புக்கு இது எதுக்குன்னு கேட்டா, ரோட்டுல நடக்கற அடிதடி ரெண்டு அடி தூரத்துல நின்னு கார்டு போட்டு ஆரம்பிக்கறதில்ல. சட்டையைப் புடிப்பான், மணிக்கட்டைப் புடிப்பான், தள்ளுவான், முடியைப் புடிச்சு இழுப்பான், பின்னாடிலேர்ந்து கட்டிப்புடிப்பான், அப்புறம்தான் அடி. முதல் தள்ளல்லயே நீங்க தடுமாறி பின்னாடி போனீங்கன்னா முடிஞ்சிது. சான்சின் பழகினவன் அந்த முதல் தள்ளல்ல நிப்பான், அதுக்குத்தான் அந்த அறை எல்லாம். பழகிக்கிட்டவன் சூரன் ஆயிடுவான்னு சொல்லல, ஒரு செகண்டு கூடுதலா காலை ஊனி நிப்பான், அந்த ஒரு செகண்டு பெரிய விஷயம்.

சரி, ரெண்டும் ஒண்ணுன்னா எதுல சேர்க்கறதுன்னு கேக்கறீங்களா? வித்தியாசம் இருக்கு, நீங்க கட்டத்துல போட்டதுல இல்ல. ஒகினாவாக்காரன் பண்ணின காரியம் குறைச்சது. சீனாவுல ஒரு தெற்கு முறையை எடுத்துக்கிட்டா, சோய் லி ஃபட்னு ஒண்ணு, 1836-ல சான் ஹியுங் ஆரம்பிச்சது, அதுல மட்டும் ஆயுதம் கீயுதம் எல்லாம் சேர்த்து கட்டா மாதிரியான ஃபார்ம் நூறுக்கு மேல இருக்கு. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க பழகினாலும் தீராது, ஒவ்வொண்ணையும் மனப்பாடம் பண்றதுலயே நேரம் போயிடும், அந்தக் கலைக்கு அது அழகு, நான் குறை சொல்லல. ஆனா ஒகினாவாவுல ஹிகாவோன்னாகிட்ட போனவங்க முதல் மூணு வருஷம் சான்சினைத் தவிர வேற எதையும் பார்க்கலன்னு சொல்லுவாங்க. மோத்தோபு சோகின்னு ஒரு முரட்டு ஆள், நாஹாவுல சூஜின்னு ஒரு பேட்டை, கேளிக்கை விடுதிங்க இருந்த இடம், ராத்திரியில அங்க போய் வேணும்னே சண்டை இழுத்து தன் வித்தையை சோதிச்சுப் பார்த்தவர், 1920கள்ல ஐம்பது வயசைத் தாண்டின பிறகு கியோட்டோவுல ஒரு வெளிநாட்டு பாக்ஸரை மேடையில சாய்ச்சார், அவர் உயிரா புடிச்சது நைஹான்சிங்கற ஒரே ஒரு கட்டா. பக்கவாட்டுல நகர்ந்துக்கிட்டே கிட்ட வந்தவனை புடிச்சு அடிக்கற கட்டா அது. இதுல வேடிக்கை என்னன்னா அந்த பாக்ஸர் சண்டையை 1925-ல ஒரு ஜப்பான் பத்திரிகை எழுதினப்போ மோத்தோபு படத்துக்கு பதிலா இன்னொரு ஒகினாவா ஆசான் ஃபுனகோஷி கிச்சின் சாயல்ல படம் வரைஞ்சு போட்டுட்டாங்க, ரெண்டு பேருக்கும் ஏற்கனவே ஆகாது. பத்திரிகைக்காரங்க நீங்க சிரிச்சுக்குவீங்க.

குறைச்சதோட நிறுத்தல, குறைச்சதை உடம்புல ஏத்தறதுக்கு சாமானும் வச்சிருந்தாங்க. மாகிவாரான்னு தரையில நட்ட பலகை, நுனியில வைக்கோல் கயிறு சுத்தினது, குத்தக் குத்த கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். வாய் அகலமான மண் ஜாடியில மணலைப் போட்டு விளிம்பை அஞ்சு விரலால கவ்விக்கிட்டு சான்சின் நடை நடப்பாங்க, நாளாக ஆக மணல் ஏறும். இதை ஒரு ரவுண்டு பண்ணிப் பாருங்க, அப்புறம் பேனா புடிக்க முடியாது. கல்லுல கட்டை செருகின எடை. எதிராளியோட முன்கையில முன்கையை மோதி மோதி மரத்துப்போக வைக்கறது. இதெல்லாம் தெற்குச் சீனாவுலயும் உண்டு, பெரியவர் வீட்டுலயும் ஜாடி இருந்துச்சு, ஆனா அங்க அது நூத்துல ஒண்ணு, ஒகினாவாவுல அதுதான் பாதி கிளாஸ்.

இப்போ பெண்களுக்கு குங்ஃபூதான், பலமே தேவையில்லன்னு எழுதினீங்களே, அதுக்கு வர்றேன். இதைப் படிச்சப்போ நிஜமாவே கோவம் வந்துச்சு. பலம் தேவையில்லன்னு சொல்ற எந்தக் கலையும் உண்மையைச் சொல்லல. அம்பது கிலோ பொண்ணோட மணிக்கட்டை எம்பது கிலோ ஆள் புடிச்சா பலம் தேவைதான், அவளுக்கு இருக்கற பலத்தை எந்தத் திசையில எந்த நேரத்துல போடறதுங்கறதுதான் கலை. கியான் சோதோகுன்னு ஒகினாவாவுல ஒரு ஆசான், 1870-ல பொறந்தவர், ஒல்லியா குள்ளமா கண் பார்வையும் சரியில்லாத மனுஷன். அவர் ஹிஜா ஆத்தங்கரையில தண்ணிக்கு முதுகு காட்டி நின்னு பழகுவாராம், பின்னாடி ஒரு அடி வச்சா ஆத்துல விழணும், அதனால அடி வர்றப்போ பின்னாடி போகாம சாய்வா முன்னாடி நகர்ந்தே ஆகணும். சின்ன உடம்புக்காரங்க கத்துக்க வேண்டியது இதுதான், பெரிய ஆளோட பலத்துக்கு நேர் எதிர்ல நிக்காம பக்கத்துல போய் நிக்கறது. அவரும் அப்படியே பொறந்து வரல, சின்ன வயசுலேர்ந்து அப்பா புரட்டி எடுத்து பழக்கினவர்தான். 1945 யுத்தத்துல ஒகினாவாவே எரிஞ்சுது, கியான் அந்த வருஷமே முகாம்ல செத்துப்போனார், மியாகியோட மூத்த சிஷ்யர் ஷின்சாதோ ஜின்ஆனும் அதுலதான் போனார். நிறைய ஆளுங்களும் ஓலையும் ஏடும் அதோட போச்சு.

இவ்வளவு சொல்லிட்டு நம்ம ஊர் கராத்தே கிளாஸ் எல்லாம் பிரமாதம்னு சொல்லப்போறேன்னு நினைக்காதீங்க. இதோசு அன்கோன்னு ஒருத்தர், 1901-ல கராத்தேயை ஒகினாவாவுல ஷூரிங்கற ஊர்ல பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு போனவர், பசங்களுக்காக பின்ஆன்னு அஞ்சு கட்டா கோத்துக் கொடுத்தார். வரிசையா நின்னு ஒண்ணு ரெண்டு எண்ணி குத்தறது, எல்லாரும் ஒரே மாதிரி திரும்பறது, இது அங்க ஆரம்பிச்சது. உடற்பயிற்சிக்கு நல்லது, நூறு பசங்களை ஒரே நேரத்துல மேய்க்கலாம். ஆனா புடிக்கறது, முறிக்கறது, தொண்டையில போடறது எல்லாம் பசங்களுக்கு எதுக்குன்னு சொல்லாம விட்டாங்க, அசைவு மட்டும் மிச்சம். அதே இதோசு 1908 அக்டோபர்ல பத்து குறிப்பு எழுதி அனுப்பின கடிதத்துல, இது ஒத்தைக்கு ஒத்தை போட்டி போடறதுக்கு இல்ல, ரவுடியோ திருடனோ வந்து மறிச்சா கையையும் காலையும் வச்சு காயம் படாம தப்பிக்கறதுக்குன்னு தெளிவா சொல்லியிருக்கார். அந்த வரியை சுவத்துல எழுதி வைக்கற கிளாஸ் இங்க எத்தனை இருக்கும்?

ஒரு உதாரணம் சொல்றேன், உங்க வீட்டுல கராத்தே போற பிள்ளை இருந்தா கேட்டுப் பாருங்க. ஒரு கையால குத்தறப்போ இன்னொரு கையை எதுக்கு இடுப்புக்கு இழுக்கறேன்னு கேளுங்க. பவர் வர்றதுக்குன்னு சொல்லும், அப்படித்தான் சொல்லிக்கொடுக்கறாங்க. அந்தக் கை சும்மா வரக்கூடாது, அதுல எதிராளியோட கை இருக்கணும். அவன் உங்க வலது மணிக்கட்டைப் புடிக்கறான், உங்க இடது கையை அவன் கை மேல அழுத்தி வச்சு நகராம பண்றீங்க, வலது மணிக்கட்டை அவன் கட்டைவிரல் பக்கமா சுத்தி வெளிய எடுத்த கையோட அவன் மணிக்கட்டைக் கவ்வி, அதை அப்படியே உங்க இடுப்புக்கு இழுக்கறீங்க. அவன் தோள் கீழ இறங்கும், எடை முழுக்க முன்காலுக்கு வரும், தலை தானா முன்னாடி நீளும். இப்போ உங்க இடது கை சும்மாதானே இருக்கு. தாடையோ கழுத்துப் பக்கமோ எங்க படுதோ அங்க. அப்புறம் திரும்பிப் பார்க்காம ஓடணும். காத்துல ஆயிரம் தடவை இழுத்தாலும் இது வராது, ஒருத்தன் நிஜமாவே இறுக்கிப் புடிச்சு விட மாட்டேங்கறப்போ பழகினாத்தான் வரும்.

குங்ஃபூ பக்கமும் இதே வியாதி இருக்கு, அங்க இன்னும் முத்திப்போச்சு. 1954 ஜனவரியில மக்காவ்ல ஒரு சண்டை நடந்துச்சு, தாய் சி ஆசான் வூ கோங்யி ஒரு பக்கம், வெள்ளை நாரை முறை சான் ஹக் ஃபூ இன்னொரு பக்கம், ஹாங்காங்ல அனுமதி இல்லன்னு மக்காவ் போய் நடத்தினாங்க, ஷெக் கிப் மெய் தீ விபத்துல வீடு போனவங்களுக்கு நிதி திரட்டறதுக்கு. ஃபிலிம் இருக்கு, யூடியூப்ல பாருங்க. ரெண்டு பேரும் பெரிய பேர் எடுத்தவங்க, ஆனா மணி அடிச்சதும் நாரையும் காணோம் தாய் சியோட மேகக்கையும் காணோம், ரெண்டு பேரும் கையை வீசி வீசி அடிக்கறாங்க, சான் மூக்குல ரத்தம், ரெண்டாவது ரவுண்டுல நடுவர்கள் நிறுத்திட்டு வெற்றியும் இல்ல தோல்வியும் இல்ல சமனும் இல்லன்னு ஒரு தீர்ப்பு சொன்னாங்க பாருங்க, நம்ம பஞ்சாயத்துல கூட இப்படி ஒரு தீர்ப்பு வராது. அந்த சண்டைக்கு ஊர்ல இருந்த பரபரப்பைப் பார்த்து ஹாங்காங்ல ஒரு சாயங்கால பேப்பர் உடனே ஒரு வீரசாகசத் தொடர்கதை ஆரம்பிச்சு, அதுலேர்ந்து ஒரு இலக்கியமே வளர்ந்துச்சு. பேப்பருக்கு லாபம், சண்டைக்கலைக்கு பாடம், ஆனா பாடத்தை யாரும் படிக்கல.

படிச்சிருந்தா 2017-ல செங்டுவுல அப்படி ஆகியிருக்காது. ஷூ ஷியாவ்டோங்னு ஒரு ஆள், எல்லா முறையும் கலந்து அடிக்கற எம்எம்ஏ போட்டிக்கு கோச், வெய் லெய்ங்கற தாய் சி மாஸ்டரை அரை நிமிஷத்துக்குள்ள கீழ போட்டு முடிச்சிட்டார். அதுக்கப்புறம் ஷூவைத்தான் சீனாவுல எல்லாரும் திட்டித் தீர்த்தாங்க. இதை வச்சு குங்ஃபூ டுபாக்கூர்னு சொல்றவங்களும் அரைகுறைதான். அதே சீனாவுல சான்டாங்கற போட்டிச் சண்டை பழகற பசங்க உதையும் குத்தும் தூக்கிப் போடறதுமா நிஜமாவே அடிப்பாங்க, 1950கள்ல ஹாங்காங்ல யிப் மான்கிட்ட விங் சுன்ங்கற குங்ஃபூ முறையைக் கத்துக்கிட்ட வோங் ஷுன் லியுங் மாதிரி ஆளுங்க மொட்டைமாடியில கதவை சாத்திக்கிட்டு வேற முறைக்காரங்களோட மோதித்தான் விங் சுன்னுக்கு பேரே வாங்கித் தந்தாங்க. விங் சுன்ல வெறுங்கை ஃபார்ம் மூணுதான்ங்கறதையும் கவனிங்க, உயேச்சி மாதிரியே. அடிபட்டுப் பழகினவன் முறை எதுவா இருந்தாலும் நிப்பான், ஃபார்ம் மட்டும் செஞ்ச ஒகினாவா பிளாக் பெல்ட்டை ஷூ முன்னாடி நிறுத்தியிருந்தாலும் அதே அரை நிமிஷம்தான்.

விளையாட்டு கராத்தே மட்டும் என்ன வாழுது? டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட், எழுபத்தஞ்சு கிலோவுக்கு மேல இறுதிப்போட்டி. சவூதியோட தாரெக் ஹமேதி முன்னிலையில இருக்கார், ஈரானோட சஜாத் கஞ்ச்சாதே கழுத்துப் பக்கம் ஒரு உதை, மனுஷன் சுயநினைவு போய் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சர்ல போனவருக்கு, ஏன்னா அளவுக்கு மீறின பலத்தோட அடிச்சது விதிமீறல். விளையாட்டுன்னு பார்த்தா அது சரியான முடிவு, வீரர்களைக் காப்பாத்தற விதி, நான் அதுல தப்பு சொல்லல. ஆனா தொட்டும் தொடாம நிறுத்தறதையே பத்து வருஷம் பழகின கை, தெருவுலயும் தொட்டும் தொடாமத்தான் நிக்கும். அதே ஒலிம்பிக்ஸ்ல கட்டா தங்கம் வாங்கின கியுனா ரியோ சுத்த ஒகினாவா ஆள், அவர் செஞ்சதைப் பார்த்தா மயிர்க்கூச்செறியும், அதுவும் தற்காப்பு இல்ல, அது வேற.

தொடறதுன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு பக்கமும் இருக்கற ஒரே மாதிரி நல்ல பயிற்சி ஒண்ணு. விங் சுன்ல சி சாவ், கோஜு-ரியுல காகியே. ரெண்டு பேரும் மணிக்கட்டோட மணிக்கட்டு ஒட்டி நின்னு மெதுவா தள்ளறது, வாங்கறது, எதிராளியோட தோள் இறுகறதை கையிலேயே உணர்றது. கண்ணால பார்த்து முடிவு பண்ணி அசையறதுக்கு கிட்டத்துல நேரம் கிடையாது, தோலுக்குத்தான் முதல்ல சேதி வரும். அவன் அழுத்தறான்னா விட்டுக்கொடுத்து இழு, அவன் இழுக்கறான்னா கூடவே போய் முழங்கையைப் போடு. குங்ஃபூல இதுக்கு ஒகினாவாவை விட அதிக நேரம் ஒதுக்கறாங்க, நுணுக்கமும் அதிகம், இதுல அவங்களுக்குத்தான் என் ஓட்டு. ஆனா பல இடத்துல சி சாவ் சி சாவாவே நின்னுடுது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஆடற ஆட்டமா.

அப்போ என் தீர்ப்பு என்னன்னா, ஒரு சாதாரண ஆள், வாரத்துல ரெண்டு மூணு சாயங்காலம்தான் நேரம், ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள ஏதாவது கையில நிக்கணும்னா ஒகினாவா வழிதான், கோஜு-ரியுவோ உயேச்சி-ரியுவோ, மோத்தோபு மாதிரி நைஹான்சியை நோண்டற ஷூரி வழியோ. கொஞ்சமா கொடுத்து ஆழமா உழறதுனால. பாரம்பரிய குங்ஃபூ பத்து வருஷம் ஆற அமர உக்கார்ந்து கத்துக்கறவனுக்கு, நல்ல ஆசான் கிடைச்சா அதுக்கு ஈடு இல்ல, ஆனா நல்ல ஆசானா இல்லையான்னு ஆரம்பத்துல வர்றவனுக்கு கண்டுபுடிக்க வழியே இல்லங்கறதுதான் சிக்கல், நூறு ஃபார்ம்ல எது உதவும்னு யாருக்குத் தெரியும்? நீங்க குங்ஃபூவுக்கு ஒன்பது போட்டது அந்த ஆசான் கிடைச்சாங்கற கணக்குல போல.

கிளாஸ்ல சேர்க்க வர்ற பெத்தவங்க போர்டுல இருக்கற ஸ்டைல் பேரைப் பார்க்கறதை விட ஒரு நாள் முழு கிளாஸ் உக்கார்ந்து பாருங்க. கிளவுஸ் போட்டு ஒருத்தனை ஒருத்தன் நிஜமா அடிக்கற நேரம் இருக்கா, புடிச்சவன் மாஸ்டர் கண்ணைக் காட்டினதும் விட்டுடறானா இல்ல விடாம புடிக்கறானா, பொண்ணுங்களை தன்னை விட கனமான ஆளோட பழக விடறாங்களா, இதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். எங்க ஊர்ல ஒரு கிளாஸ், பேர் வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒரு கிரேடிங், ஒவ்வொண்ணுக்கும் ஃபீஸ், ஒன்றரை வருஷத்துல பிரவுன் பெல்ட். அந்த கிளாஸ் பொண்ணு ஒருத்தி என்கிட்ட வந்து கையை நீட்டச் சொன்னா, மணிக்கட்டைப் புடிச்சேன், சொல்லிக்கொடுத்த மாதிரி சுத்தினா, நான் விடல. அடுத்து என்னன்னு அவளுக்குத் தெரியல. யாரும் அதுவரைக்கும் விடாம புடிச்சதே இல்லையாம்.

இடையில போதிதர்மரை வேற இழுத்திருந்தீங்க, காஞ்சிபுரத்து பல்லவ இளவரசர் போய் ஷாவோலின்ல குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார், அதனால ரெண்டுமே நம்மளோடதுன்னு. எனக்கும் ஆசைதான் சார், பினாங்கு பெரியவரோட அஞ்சு மூதாதையர்ல தாமோன்னு அவர் பேரும் இருந்துச்சு, நான் தமிழன்னு தெரிஞ்சதும் எனக்கு டீ கூடுதலா ஊத்தினார். ஆனா அவரை சண்டைக்கலையோட முடிச்சுப் போடற பழைய ஆதாரம்னு காட்டறது யிஜின் ஜிங்னு ஒரு சுவடி, அது பதினேழாம் நூற்றாண்டுச் சரக்கு, அவர் போனதா சொல்ற காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி. தாங் ஹாவ்ங்கற சீன ஆராய்ச்சியாளரே 1930கள்ல இதை உடைச்சிட்டார். தென்னிந்தியாவுலேர்ந்து ஒரு துறவி போனார், தியானம் சொன்னார், அது வரைக்கும் சொல்லுங்க, அதுவே பெருமைதான்.

கடைசியா ஒண்ணு, உங்க கட்டுரையில ஒரு வரி கூட சட்டம் பத்தி இல்ல. உயேச்சியோட மாணவன் அடிச்சதுல ஆள் செத்த கதையை எதுக்கு சொன்னேன்னா இதுக்குத்தான். 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, அதுல 34-லேர்ந்து 44 வரைக்கும் பிரிவுகள் தற்காப்பு உரிமை பத்தினது. தேவைக்கு மேல காயப்படுத்த அந்த உரிமை இடம் கொடுக்காதுன்னு 37 சொல்லுது, எந்தெந்த தாக்குதல்ல உயிர் போற அளவுக்கு எதிர்க்கலாம்னு 38 சொல்லுது, பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு எல்லாம் அதுல வருது. விழுந்தவனை மிதிச்சா அது தற்காப்பு இல்ல, கேஸ் உங்க மேல. கத்தி வச்சிருக்கறவன்கிட்ட செயினைக் கழட்டிக் கொடுத்துட்டு வர்றதுதான் எந்த ஆசானும் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், அதுக்கு எந்த கட்டாவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு அந்த மார்க் கட்டம் போட்ட இடத்துல இந்தப் பிரிவுகளை ஒரு வக்கீல்கிட்ட கேட்டு எளிமையான தமிழ்ல போடுங்க, எங்க தெருவுல அதையும் வெட்டி வச்சுக்குவாங்க. கூடவே, படத்துக்குக் கீழ ஷாவோலின் துறவி கராத்தே பயிற்சியில்னு போட்டிருந்ததையும் திருத்திடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி